தாய்மாரிடம் இனியும் தியாகம் கேட்காதீர்கள்

அருளானந்தர் என்று தமிழர் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ 1693 பெப்ரவரி 4 ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். செய்தி லிஸ்பன் நகரை எட்டியபோது போர்த்துக்கல் மன்னர் நன்றி வழிபாடு ஒன்றுக்கு ஆணையிட்டார் என்றும், அவ்வழிபாட்டுக்கு அவரது தாய் துக்க உடையில் அல்லாமல் விழாக்கால உடையில் வந்தார் என்றும் அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். இக்கதையை நான் மறையுரைகளிலும் நினைவு மலர்களிலும் எத்தனையோ முறை கேட்டும் படித்தும் இருக்கிறேன். கதை முடிந்ததும் ஒரு பாடம் தவறாமல் வரும். பிள்ளையை இறைபணிக்குக் கொடுத்த தாய் அழக்கூடாது. பெருமைப்பட வேண்டும் என்பதே அப்பாடம்.

அதே வரலாற்றின் முற்பகுதியை எவரும் சொல்வதில்லை. அந்தத் தாய் ஒரு கைம்பெண். கணவர் பிரேசிலில் ஆளுநராக இருந்தபோதே இறந்துவிட்டார். மகன் இந்தியாவுக்குப் புறப்படப் போகிறான் என்று அறிந்ததும், அவனைத் தடுத்து நிறுத்தத் தம் செல்வாக்கு முழுவதையும் அவர் பயன்படுத்தினார். பாப்பரசரின் தூதுவர் வரை சென்று முறையிட்டார். முடியவில்லை. 1673 இல் மகன் கப்பலேறினான். போகாதே என்று போராடிய தாயை மறைத்துவிட்டு, விழாக்கால உடை உடுத்திய தாயை மட்டும் மேடையேற்றுவது நேர்மையா? இதுதான் என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி வன்னியைப் பற்றியது. இக்கட்டுரை அதற்காகவே எழுதப்படுகிறது.

வன்னி தொலைதூர நாடன்று. யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் கிளிநொச்சி. ஆனால் 2006 ஆகஸ்ட் 11 ஆம் நாள் முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்துத் தாய்க்கு வன்னிப் பங்கில் பணியாற்றிய மகன் கடல் கடந்த நாட்டில் இருப்பவனைவிடத் தொலைவிலானான். ரொறன்ரோவில் இருந்த பிள்ளை கிழமைக்கொரு முறை தொலைபேசியில் பேசினான். உருத்திரபுரத்தில் இருந்தவனின் குரல் எப்போது கேட்கும் என்று சொல்ல எவருமில்லை.

தூரத்தில் பணியாற்றும் பிள்ளைக்கும் வீட்டுக்கும் இடையிலான உறவைச் சமயங்கள் எவ்வாறு நடத்துகின்றன என்பதற்கு ஒரு வெளிநாட்டு உதாரணம் தருகிறேன். மோர்மன் சபையினர் தம் இளைஞர்களைப் பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே உலகெங்கும் மறைபரப்ப அனுப்புகின்றனர். கிறிஸ்மஸ் நாளிலும் அன்னையர் நாளிலும் மட்டுமே அவர்கள் வீட்டோடு தொலைபேசியில் பேசலாம் என்பது நீண்டகால நடைமுறை. 2019 பெப்ரவரியில் அச்சபை அதை மாற்றியது. கிழமைக்கு ஒருமுறை பேசலாம் என்று அனுமதித்தது. வீட்டை நினைப்பது பணிக்கு இடையூறு என்று கருதிய கட்டுக்கோப்பான ஒரு சபையே, தாயின் குரல் பிள்ளையின் பணியைக் கெடுத்துவிடாது என்ற முடிவுக்கு வந்தது. நாமோ, குரல் மட்டுமன்றி உடலும் கிடைக்காத தாய்மாரிடம் இன்னும் பொறுமையை உபதேசித்துக்கொண்டிருக்கிறோம்.

வன்னியில் நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். 2008 செப்டம்பரில் அரசாங்கத்தின் உத்தரவை அடுத்து ஐக்கிய நாடுகளின் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். போகாதீர்கள் என்று மக்கள் அவர்களது அலுவலக வாயிலில் நின்று மன்றாடினர். வாகனங்கள் போய்விட்டன. செஞ்சிலுவைச் சங்கத்தாரோடு, குருக்களும் அருட்சகோதரிகளும் மக்களுடன் தங்கினர். அதற்கு முன்பே, 2008 ஏப்ரல் 20 ஆம் நாள், வடக்கு கிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராயிருந்த அருட்தந்தை கருணாரத்தினம் கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டிருந்தார். தங்கினால் என்ன நேரும் என்பதைத் தங்கியவர்கள் அறிந்தே இருந்தனர்.

2009 ஏப்ரலில் வலைஞர்மடம் தேவாலயம் எறிகணைக்கு உள்ளானது. அருட்தந்தை வசந்தசீலன் தம் காலை இழந்தார். மே 18 ஆம் நாள், போர் முடிந்த அன்று, உருத்திரபுரம் பங்குத்தந்தையாயிருந்த சரத்ஜீவன் மக்களோடு வெளியேறிய வேளையில் மாரடைப்பால் இறந்தார். நாற்பதை ஒட்டிய வயது. அதே நாளில் வட்டுவாகல் பகுதியில், சரணடைந்தவர்களுக்குத் துணையாக அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் சென்றார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக விளங்கியவர் அவர். அவருடன் தம் கணவன்மார் படையினரிடம் சரணடைந்ததைக் கண்ணால் கண்ட பெண்கள், 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தனர். அவரும் திரும்பவில்லை, அவருடன் சென்றவர்களும் திரும்பவில்லை.

வன்னிக்கு வெளியே, தீவகத்தின் அல்லைப்பிட்டியில், இளங்குரு ஜிம் பிரவுண் 2006 ஆகஸ்ட் 20 ஆம் நாள் தம் உதவியாளருடன் காணாமல் ஆக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 34.

இனி அந்த விழாக்கால உடைக்கு வருவோம். லிஸ்பன் தாய்க்கு ஓர் ஊரின் பெயர் தெரிந்தது. நாள் தெரிந்தது. யாருடைய ஆணையால் மகன் வெட்டப்பட்டான் என்பதும் தெரிந்தது. துக்க உடையா, விழாக்கால உடையா என்று தெரிவு செய்யும் உரிமையை அந்த உண்மைதான் அவருக்கு வழங்கியது. மகன் இறந்தானா, இருக்கிறானா என்றே அறியாத தாய் எந்த உடையை உடுத்துவாள்? திவசம் எந்த நாளில்? பூசை ஒப்புக்கொடுப்பது உயிரோடிருப்பவனுக்கா, இறந்தவனுக்கா? தெரிவுக்கு இடமற்ற நிலையில் இருப்பவளிடம் தியாக மனப்பான்மையைக் கேட்பது பக்தியல்ல, கொடுமை.

இதற்கு வரும் மறுப்புகளை நான் அறிவேன்.

குருவானவர் வீட்டைத் துறந்தவர். அவரைத் தேடும் உரிமை குடும்பத்துக்கு எப்படி வரும் என்று சிலர் கேட்கின்றனர். மறைமாவட்டக் குரு திருமணத்தைத் துறக்கிறார். ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறார். தாயைத் துறப்பதாக எந்த வாக்குறுதியும் அவர் கொடுப்பதில்லை. கீழ்ப்படிவைப் பெற்றுக்கொண்டவர் தகப்பன் நிலையில் நிற்கிறார் என்றால், தேடும் கடமை இரண்டு வீடுகளுக்கும் உரியதாகிறது. அக்கடமை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உதாரணம் உண்டு. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் அதே ஆணைக்குழுவின் முன் தோன்றி, அரச செயலகங்களின் புள்ளிவிவரங்களையே கையில் எடுத்து, 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். அவர் ஆறுதல் உரை நிகழ்த்தவில்லை, கணக்குக் கேட்டார். 2021 ஏப்ரல் 1 ஆம் நாள் அவர் மறைந்தார். கணக்கு இன்னும் தரப்படவில்லை.

இத்தனை பேர் மாண்ட மண்ணில் குருக்களை மட்டும் ஏன் தனித்துப் பேசுகிறீர் என்று வேறு சிலர் கேட்கின்றனர். தனித்துப் பேசவில்லை. பிரான்சிஸ் அடிகள் தனியாகப் போகவில்லை. அவர் எங்கே என்ற கேள்விக்கு விடை வந்தால், அவரோடு சென்ற குடும்பத் தலைவர்கள் எங்கே என்ற கேள்விக்கும் விடை வந்தாக வேண்டும். விடை வராததன் காரணமும் அதுவே என்பது என் துணிபு.

தியாகம் என்ற சொல்லைத் தாய்மாரின் வாயை அடைக்கத் தேவாலயம் மட்டும் பயன்படுத்தவில்லை. வன்னியில் அச்சொல்லின் பெயரால் வீட்டுக்கொரு பிள்ளையைக் கேட்டவர்கள் இருந்தார்கள். கொடுக்காத வீட்டில் பிடித்தும் சென்றார்கள். வலைஞர்மடம் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த இளையோரைப் புலிகள் பலவந்தமாகக் கொண்டு சென்றதை ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் 2015 ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை பதிவு செய்துள்ளது. அதே கூரையின் மீதுதான் பின்னர் எறிகணையும் விழுந்தது. இரு பக்கத்தாரும் தாயிடம் பிள்ளையை எடுத்தனர். எடுத்தவர் எவரும் அவளிடம் அனுமதி கேட்கவில்லை.

அரசின் பதில் என்ன? 2016 இல் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் காணாமற்போனோருக்கான அலுவலகம் ஒன்றை உருவாக்கினார்கள். 2020 ஜனவரியில் அன்றைய சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்று ஐ.நா. வதிவிடப் பிரதிநிதியிடம் கூறினார். மரணச் சான்றிதழ் வழங்கலாம் என்றார். இறந்தனர் என்று எப்படித் தெரியும்? எந்த இடத்தில்? எந்த நாளில்? யாருடைய கையில்? 1693 இல் மறவர் நாட்டிலிருந்து லிஸ்பனுக்குப் பாய்மரக் கப்பல் சுமந்து சென்ற அளவு விவரத்தைக்கூட, 2009 க்குப் பின்னர் ஓர் அரசு முல்லைத்தீவிலிருந்து தாய்மாருக்குக் கொடுக்கவில்லை.

2015 ஜனவரி 14 ஆம் நாள், கோவாவிலிருந்து வந்து இத்தீவிலேயே மடிந்த ஜோசப் வாஸ் அடிகளைப் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக உயர்த்தினார். அன்றே மடுவுக்கும் சென்றார். தூரதேசம் வந்து உழைத்தவரைப் போற்றியது சரியே. ஆனால் பீடத்தில் ஏற்றுவது ஒரு கடமை. காணாமற்போனவரைத் தேடுவது இன்னொரு கடமை. முதலாவதைச் செய்து இரண்டாவதைத் தீர்த்துவிட முடியாது.

2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்பாகத் தாய்மார் ஒரு போராட்டத்தைத் தொடங்கினர். பிள்ளையைத் தேடித் தெருவுக்கு வந்த பெற்றோர் பலர் விடை கிடைக்காமலேயே இறந்துபோயினர். சைவத் தாயும் கத்தோலிக்கத் தாயும் கையில் ஏந்தியிருப்பது ஒரே விதமான சட்டமிட்ட படம்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். மே மாதத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேடையில் நின்று அந்தத் தாய்மாரைத் தியாகத்தின் சின்னம் என்று புகழாதீர்கள். அவர்கள் புகழைக் கேட்டு வரவில்லை. மகனை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டு வந்தவர்கள். நீங்கள் வாழும் நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் அக்கேள்வியைக் கொண்டுபோங்கள். 2009 மே 18 ஆம் நாள் வட்டுவாகலில் ஏற்றப்பட்டவர்களின் பட்டியல் எங்கே என்று கேளுங்கள்.

துக்கமா, பெருமையா என்பதைத் தாய் தீர்மானிப்பாள். அதற்கு முன்னர் அவளுக்கு உண்மையைக் கொடுங்கள்.