விழிக்க மறுக்கும் மடிக்கணினியும் நமது கடமையும்

நமது சங்க அலுவலகங்களில் பேரேடும் நாள்வழியும் இருந்த இடத்தில் இன்று மடிக்கணினி ஒன்று வீற்றிருக்கிறது. பெரும்பாலும் அது பல ஆண்டுகள் உழைத்த பழைய கருவி. ஒரு நாள் காலை பொத்தானை அழுத்தினால் அது விழிக்க மறுக்கிறது. உடனே நிர்வாகிகள் இரண்டிலொன்றைச் செய்கின்றனர்: "இதன் ஆயுள் தீர்ந்தது" என்று மூலையில் ஒதுக்குகின்றனர், அன்றேல், பழுது பார்ப்பவரிடம் அப்படியே ஒப்படைத்துவிட்டு அவர் சொல்வதையே வேதவாக்காகக் கொள்கின்றனர். இவ்விரண்டும் தவறு என்பது என் கருத்து.

சென்ற ஆண்டு நான் ஆய்வுக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில் இதுவே நிகழ்ந்தது. இரண்டு மாத நூல் வழங்கல், நெசவுக் கூலி, சிக்கன நிதிப் பிடித்தம் ஆகிய கணக்குகள் அனைத்தும் அந்த ஒரு கருவியினுள் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. ஒன்பது நாட்களாக அது இயங்கவில்லை. யாருக்கு எவ்வளவு கூலி என்று சொல்ல இயலாமையால் பட்டுவாடா நின்றது. அங்கத்தினர்கள் திண்ணையில் காத்திருந்தனர். சோதித்தவர் மதர்போர்டு எரிந்துவிட்டது என்றாராம். புதியது வாங்கத் தீர்மானமும் தயாராயிருந்தது. அப்போது முதிய அங்கத்தினர் ஒருவர், "தறி நின்றால் தறியையா விற்கிறோம்? நாடாவைப் பார்க்கிறோம், விழுதைப் பார்க்கிறோம்; பிறகுதானே தச்சரைக் கூப்பிடுகிறோம்?" என்றார். எவரும் விடை கூறவில்லை.

விவசாய அன்பர்களும் இம்முறையை அறிவர். மோட்டார் ஓடாவிடில் பியூஸையும் ஸ்டார்ட்டரையும் பார்த்த பின்னரே மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்குவர். கணினிக்கும் வெளியிலிருந்து உள்ளே செல்வதே முறை.

முதலில் சுவரிலுள்ள பிளக்கில் வேறு விளக்கைச் செருகிப் பார்த்தோம், மின்சாரம் இருந்தது. அடுத்து, வேறொரு சார்ஜரை இணைத்தோம். இரண்டிலும் வோல்ட் அளவு ஒன்றாயிருக்க வேண்டும்; ஆம்பியர் குறையலாகாது. பின்னர் சார்ஜரை நீக்கி, பாட்டரியைக் கழற்றி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தோம். உள்ளே தேங்கிய மின்சாரம் இதனால் வடிந்துவிடும்; பல கருவிகள் இந்நிலையிலேயே விழித்துக்கொள்ளும். இது விழிக்கவில்லை. ஆனால் விசிறி சுழன்றது. திரை மட்டும் பழுதோ என்று அறியத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்தோம். அதிலும் படம் வரவில்லை. ஆகவே, மீண்டும் மின்சாரத்தையும் பாட்டரியையும் நீக்கிவிட்டு, அடிமூடியைத் திறந்தோம். தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி உள்ளே அடையாகப் படிந்திருந்தது. நினைவகமாகிய ரேம் பலகையைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, மீண்டும் அழுத்திப் பொருத்தினோம். கருவி விழித்தது. எரிந்ததாகச் சொல்லப்பட்ட மதர்போர்டுக்கு ஒரு குறையும் இல்லை.

எனினும் தேதி பல ஆண்டுகள் பின்னால் சென்றிருந்தது. கடிகாரத்தைக் காக்கும் 3 வோல்ட் நாணய பாட்டரி தீர்ந்ததே காரணம். அதைக் கவனியாது பணியைத் தொடங்கியிருந்தால், அன்றைய பற்றுச்சீட்டெல்லாம் பொய்த் தேதி பெற்றிருக்கும்.

இங்கே எச்சரிக்கை ஒன்று. பாட்டரி உப்பியிருப்பின் அதை அழுத்தவோ குத்தவோ மின்னேற்றவோ கூடாது, தீப்பற்றும். அதைத் தேர்ந்தவரிடமே விட வேண்டும்.

எல்லாக் கருவியும் இவ்வாறு எழுந்துவிடும் என்று நான் கூறவில்லை. மதர்போர்டு உண்மையிலேயே எரிந்திருந்தாலும், ஹார்ட் டிஸ்க் தனியே கழலக்கூடியதாயின் அதை வேறொரு கணினியுடன் இணைத்துக் கணக்கைப் பெரும்பாலும் மீட்கலாம். அது பூட்டுக் குறியீடு இடப்பட்டதாயின், மீட்புச் சாவி எண் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும். பழையதைக் காப்பது என்பது அதையே என்றும் கட்டிக்கொண்டிருப்பதன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் பெறாத கருவியில் சங்கத்தின் வங்கிக் கணக்கை இயக்குவது விவேகமாகாது. புதியது தேவையெனில் வாங்கலாம். ஆனால் சோதித்தறிந்து வாங்க வேண்டும், அச்சத்தால் வாங்கலாகாது.

இதில் என் குறையையும் சொல்லியாக வேண்டும். முந்தைய ஆய்வில் அச்சங்கத்தின் கணக்குகளைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவன் நானே. நகல் எங்கே என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கூலிக்காக எவரும் ஒன்பது நாட்கள் காத்திருந்திருக்க வேண்டியதில்லை. கருவி சங்கத்தின் சொத்து. அதனுள் இருக்கும் கணக்கோ அங்கத்தினரின் உழைப்பு.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும். வாரந்தோறும் கணக்கை இரண்டு தனிச் சாதனங்களில் நகலெடுத்து, ஒன்றை அலுவலகத்திற்கு வெளியே வைக்க வேண்டும்; மாத முடிவில் கணக்கை அச்சிட்டுக் கையொப்பத்துடன் கோத்து வைக்க வேண்டும். அங்கத்தினர் குடும்பத்து இளைஞர் ஒருவருக்கேனும் மேற்சொன்ன சோதனைகளைப் பயிற்றுவிக்க வேண்டும். பழுது இன்னதென்று எழுத்து மூலம் பெறாமல் புதிய கருவி வாங்கும் தீர்மானத்தை ஏற்கலாகாது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இவற்றைப் பரிசீலனைக்கு வைக்குமாறு சங்கத் தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். இனி என் ஆய்வில் முதற்கேள்வி, நகல் எங்கே என்பதாகவே இருக்கும்.