கதைப் புத்தகம் நாட்சம்பளத்தைக் கூட்டுமா?

தோட்டக் கமிட்டியில் வாசிகசாலை பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். துரைமார் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். நம் சங்கக்காரர்களே கேட்கிறார்கள். கூட்டாது, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் தோழர்களே, சம்பளம் கேட்கிறவன் யார் என்று நாட்டுக்குத் தெரியாவிட்டால் அவன் கேட்பதும் காதில் விழாது.

2014 ஒக்டோபர் 29. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. நாம் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தபோதே, எச்சரித்தும் ஏன் எழும்பிப் போகவில்லை என்று கேட்டார்கள். எங்கே போவது? காம்பராவும் தோட்டத்துடையது, காணியும் தோட்டத்துடையது. வேலையை விட்டால் கூரையும் போய்விடும். பரம்பரை பரம்பரையாக இதே மலையில் இருந்தும் பெயரில் ஒரு பேர்ச்சஸ் இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்லர். லயத்து வாழ்க்கையை உள்ளே இருந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பார்க்க வழி இல்லாமலும் இல்லை. நம் பதுளைப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். அவருடைய 'மீன்கள்' கதை, ஒற்றைக் காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளோடு படுக்க வேண்டியிருக்கிற தகப்பனின் வெட்கத்தைச் சொல்கிறது. நாம் எத்தனை மகஜர் கொடுத்திருக்கிறோம்! இன்னொரு காம்பரா வேண்டும் என்று எழுதுவோம். அது ஏன் வேண்டும் என்ற அந்தக் காரணத்தை எழுத நமக்கே கை வராது. கதை எழுதியது. அதை வாசித்த ஒருவர், அவர் கொழும்பில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், லயத்தை இனி வெறும் இலக்கமாகப் பார்க்கமாட்டார்.

சங்கத்துக்கு இது புதிய வேலையும் அல்ல. கோ. நடேசய்யர் சங்கம் கட்டிய காலத்தில் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடித்தான் சனத்தைத் திரட்டினார். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கக்காரர், கவிஞர், நம் நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர். இவர்களைப் படமாக மாட்டி மாலை போடுகிறோம், புத்தகத்தைத் திறப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காது. ஹாலிஎலையிலும் பசறையிலும் லயத்துக்குக் கீழே இருக்கிற சிங்களக் கிராமத்தவருக்கு நம் கதை தெரியாது என்று குறைப்படுகிறோம். அவர்கள் கதை நமக்குத் தெரியுமா? 1818இல் ஊவாக் கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்காரன் இந்த மண்ணை எரித்தான். 1840இல் சட்டம் போட்டு, உறுதி காட்ட முடியாத காணியை முடிக்குரியதாக்கினான். கோப்பியும் தேயிலையும் அதற்குப் பிறகுதான் பரவின. கிராமத்தவருக்கு நம்மீது இருக்கிற பழைய மனக்கசப்பின் வேர் அங்கேயும் இருக்கிறது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' தமிழில் 'கிராமப் பிறழ்வு' என்று வந்திருக்கிறது. நம் இளைஞர்கள் அதை வாசிக்கட்டும். ஜோசப்பின் கதைகள் சிங்களத்தில் கிராமத்துப் பள்ளிக்கூடம் வரை போகட்டும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் இதை எழுத்தில் வைக்க வேண்டும்: மழைக்கு ஒழுகாத ஓர் அறை, ஒரு அலுமாரி, சந்தாப் பணத்தில் மாதம் இரண்டு புத்தகம். பிரட்டுக்குப் போகிற பெண்களுக்கு வாசிக்க நேரம் ஏது என்பார்கள். அவர்கள் வேலை முடிந்து வந்த பிறகு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும்.