அந்நிய வக்கீல் கம்பெனிகள்

ராஜபாளையத்து நூலும் மருத்துவத் துணியும் கடல் கடந்து விலைபோகின்றன. ஒப்பந்தத்தில் தகராறு மூண்டால் மத்தியஸ்தம் லண்டனில் என்று எழுதியிருக்குமாயின், ஸ்ரீவில்லிபுத்தூர் ஜில்லாக் கோர்ட் பக்கத்திலிருந்தும் பயனில்லை. வியாபாரி அந்நிய வக்கீல் கம்பெனியையே நாட வேண்டும்.

லண்டனில் 1822-இல் தோன்றிய அஷர்ஸ்ட், நியூயார்க்கில் 1901-இல் தோன்றிய ஒயிட் அண்டு கேஸ் முதலியன உலகப் பிரஸித்தி பெற்றவை. இங்கே காரியாலயம் திறக்க ரிஸர்வ் பாங்கி அவற்றுக்கு அனுமதியளித்தது முறையன்றென்று 2009-இல் பம்பாய் ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. அந்நியர் இங்கே தொழில் நடத்தலாகாது, எப்போதேனும் வந்து ஆலோசனை கூறிச் செல்லலாம் என்றது 2018-இல் சுப்ரீம் கோர்ட். 2023-இல் பார் கவுன்ஸில் விதி வகுத்து, வழக்காடுதல் நீங்கலாக, பரஸ்பர நிபந்தனையுடன் கதவைத் திறந்தது.

அவர்கள் புகழுக்குக் காரணம் பலர் ஒன்றுகூடித் தொழில் செய்ததேயாகும். நமது 1956-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டமோ கூட்டாளிகள் 20 பேருக்கு மேற்படலாகாதென்றது. 2008-இல் வந்த பொறுப்பு வரையறுத்த கூட்டாண்மைச் சட்டம் அத்தளையைத் தளர்த்திற்று.

ஆதலின், தடையுத்தரவையே அரணாக நம்பியிராமல், நம் வக்கீல்கள் ஒன்றுகூடி ஸர்வதேச வியாபாரச் சட்டம் பயில்வார்களாக. ஆலை முதலாளிகளும் கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தை அவர்களிடம் காட்டுவார்களாக. வழக்கு மூண்டபின் சீமைக்கு ஓடுவதினும் அது சிக்கனம், சுயமரியாதையுமாகும்.