ஃபார்ம் ரெடி, அப்புறம்?

நம்ம டிபார்ட்மென்ட்ல எந்த வேலை வந்தாலும் முதல்ல கேட்கிற டயலாக் ஒண்ணுதான்: "ஒரு கூகுள் ஃபார்ம் போட்டுடலாம் மச்சி." சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷன், ஐ.வி. பேர் லிஸ்ட், டி-ஷர்ட் சைஸ், எல்லாத்துக்கும் ஃபார்ம். லிங்க்கை குரூப்ல போட்டதும் வேலையே முடிஞ்ச மாதிரி ஒரு நிம்மதி. ஷீட்ல வந்து விழுற வரிகளை அடுத்து யார் பார்க்கணும், என்ன பண்ணணும்னு கேளுங்க. பாதி நேரம் பதிலே வராது.

இந்தப் பழக்கத்தோடதான் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கும் போறோம். "சிறு தொழில்களுக்கு லோ-கோட் ஆட்டோமேஷன்"னு டைட்டில் வைப்போம். ரிவ்யூ பிபிடியில ஒரு டேபிள் இருக்கும்: ஜோஹோ கிரியேட்டர், பவர் ஆட்டோமேட், ஜாப்பியர், மேக், என்-8-என். எதிர்ல டிக், டிக், இன்ட்டு. டிக் அதிகம் வாங்கினவர் வின்னர். அந்த டேபிளால ஒரு கடைக்காரருக்கும் பிரயோஜனம் இல்லைங்கிறதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

ஒரு மோட்டார் காயில் கட்டுற கடையை எடுத்துக்கோங்க. விவசாயி எரிஞ்சுபோன மோட்டாரைக் கொண்டு வர்றார். மெக்கானிக் பிரிச்சுப் பார்த்து எஸ்டிமேட் சொல்றார். விவசாயி "சரி"ன்னு சொன்னாத்தான் காயில் கட்டணும். அப்புறம் டெஸ்டிங், பில், டெலிவரி. இதுல ஃபார்ம் செய்யுற வேலை முதல் வரி மட்டும்தான்: பேர், ஊர், ஹெச்.பி. எவ்வளவு. மீதி எல்லாமே வொர்க்ஃப்ளோ. எஸ்டிமேட் அனுப்பி ஒரு நாள் ஆகியும் பதில் இல்லைன்னா யார் போன் பண்ணணும்? விவசாயி "வேண்டாம்"னு சொன்னா பிரிச்ச மோட்டாரை யார் பூட்டித் தரணும்? கடையோட பணம் மாட்டிக்கிற இடம் இதுதான். இந்தக் கேள்விகளுக்குப் பதிலை முதல்ல ஒரு பேப்பர்ல எழுதலைன்னா எந்த டூலும் காப்பாத்தாது.

எழுதியாச்சுன்னு வச்சுக்குவோம். இப்போ டூலைப் பார்த்துக் கேட்க வேண்டியது மூணு கேள்வி.

முதல் கேள்வி: மீட்டர் எதுக்கு ஓடுது? ஒரு என்ட்ரி வந்ததும் 4 வேலை நடக்கணும்: ஜாப் நம்பர் போடுறது, ஷீட்ல எழுதுறது, மெக்கானிக்குக்கு மெசேஜ், விவசாயிக்கு மெசேஜ். ஒரு நாளைக்கு 10 மோட்டார், மாசம் 30 நாள். ஜாப்பியர் ஒவ்வொரு ஆக்‌ஷனையும் ஒரு டாஸ்க்கா எண்ணும், ட்ரிக்கரை எண்ணாது. ஆக 1,200 டாஸ்க். என்-8-என் கிளவுட்ல ஒரு முழு ஓட்டமே ஒரு கணக்கு. ஆக 300. மேக்-ல ட்ரிக்கரும் கணக்குல வரும். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை "புது என்ட்ரி இருக்கா"ன்னு எட்டிப் பார்க்கிற மாதிரி செட் பண்ணினா, எதுவுமே இல்லைன்னாலும் மீட்டர் ஓடும். ஒரு நாளைக்கு 96, மாசத்துக்கு 2,880. செஞ்ச வேலையைவிட எட்டிப் பார்த்த செலவு அதிகம்! வெப்ஹுக் வச்சா இந்த வீண் செலவு போயிடும். யூனிட் விலை ஒவ்வொண்ணுலயும் வேற வேற. அதனால இந்த எண்களை மட்டும் வச்சு எது மலிவுன்னு முடிவு பண்ணிடாதீங்க. டிக் டேபிள்ல இந்தக் கணக்குக்கு இடமே இல்லைங்கிறதுதான் என் பாயிண்ட்.

"இலவசமா ஆப்ஸ் ஸ்கிரிப்ட் இருக்கே"ன்னு கேட்பீங்க. நல்ல ஆயுதம்தான். ஆனா சாதாரண ஜிமெயில் கணக்குல இருந்து ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அது மெயில் அனுப்பும். கடைக்குப் போதும். 300 பேர் ரெஜிஸ்டர் பண்ற சிம்போசியத்துக்கு? 101-வது ஆளுக்குக் கன்ஃபர்மேஷன் போகாது.

இரண்டாவது கேள்வி: நாம போனதுக்கு அப்புறம் யார் ஓட்டுவாங்க? ஆப்ஸ் ஸ்கிரிப்ட்ல நாம செட் பண்ற ட்ரிக்கர், அதை உருவாக்கினவரோட கணக்குலதான் ஓடும். பவர் ஆட்டோமேட்லயும் ஃப்ளோ பெரும்பாலும் உருவாக்கினவரோட லாகின் கனெக்‌ஷனை நம்பித்தான் இருக்கும். நாம பாஸ் அவுட் ஆகி காலேஜ் மெயில் ஐடி மூடினா, கடையோட சிஸ்டமும் சேர்ந்து படுத்துடும். என்-8-என்-ஐ சொந்த சர்வர்ல போட்டா ரன் கணக்கு தொல்லை இல்லை. ஆனா அப்டேட்டும் பேக்கப்பும் யார் தலையில? (போற போக்குல ஒண்ணு: ரிப்போர்ட்ல அதை "ஓப்பன் சோர்ஸ்"னு எழுதாதீங்க. சோர்ஸைப் பார்க்கலாம், சொந்தத் தொழிலுக்கு ஓட்டலாம். அதையே ஹோஸ்ட் பண்ணி விற்க லைசென்ஸ் விடாது.) அதனால கணக்கு கடை பேர்ல, பாஸ்வேர்ட் கடைக்காரர் கையில. இது முதல் நாளே நடக்கணும்.

ஓட்டுறவங்கன்னா ஃபார்மை நிரப்புற மெக்கானிக்கும் சேர்த்திதான். நானும் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம்தான். "நேச்சர் ஆஃப் கம்ப்ளைன்ட்"னு டைப் பண்றது எனக்கு ஈஸி. "மோட்டார்ல என்ன கோளாறு?"ன்னு கேட்டு, "காயில் எரிஞ்சது, பேரிங் சத்தம், தண்ணி இறங்கினது"ன்னு ஆப்ஷன் கொடுத்தா அவருக்கு ஈஸி. தமிழ்ல லேபிள் வைக்க எந்த டூலும் தடை போடலை. நாமதான் வைக்கிறதில்லை.

மூணாவது கேள்வி: கடையை மூடிட்டா என்ன எடுத்துட்டு வெளியே வரலாம்? இங்க நான் சொல்ற கடை டூல் கம்பெனி. கூகுள்கிட்ட ஆப் மேக்கர்னு ஒரு லோ-கோட் டூல் இருந்துச்சு. 2020 ஜனவரியில ஆப்ஷீட் கம்பெனியை வாங்கின அதே மாசம், ஆப் மேக்கரை நிறுத்தப் போறதா அறிவிச்சாங்க. 2021 ஜனவரி 19-ல மூடிட்டாங்க. டேட்டா கிளவுட் எஸ்.கியூ.எல்.ல பத்திரமா இருந்துச்சு. ஆனா கட்டின ஆப்பை அப்படியே வேற இடத்துக்கு மாத்த வழி இல்லை, திரும்பக் கட்டணும். கூகுளுக்கே இந்தக் கதை. அதனால டேட்டாவை சி.எஸ்.வி.யா எடுக்க முடியுதான்னு மட்டும் பார்த்தா பத்தாது. லாஜிக்கும் எங்கயாவது எழுத்துல இருக்கணும். முதல்ல எழுதச் சொன்ன அந்தப் பேப்பர் இப்போதான் உயிரைக் காப்பாத்தும்.

இதெல்லாம் படிச்சுட்டு "லோ-கோட்லாம் கோடிங் வராதவங்களுக்கு, நான் ஸ்க்ராட்ச்ல எழுதிக்கிறேன்"னு கிளம்புறவங்களுக்கு ஒரு வார்த்தை. "லோ-கோட்"ங்கிற பேரை ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனம் 2014-லதான் புழக்கத்துக்குக் கொண்டு வந்துச்சு. ஜோஹோ கிரியேட்டர் 2006-லயே வந்தாச்சு. அதுக்குன்னு டெல்யூஜ்னு தனி ஸ்கிரிப்ட் மொழியே இருக்கு. கிஸ்ஃப்ளோவும் சென்னைதான். நம்ம ஊர்ல உட்கார்ந்து உலகத்துக்கு விற்கிற துறையை நாமளே கேவலமா பார்க்கிறது என்ன நியாயம்? அதோட நீங்க ஸ்க்ராட்ச்ல எழுதின கோடுக்கும் அந்த இரண்டாவது கேள்வி அப்படியே பொருந்தும். ஜூன் மாசம் நீங்க ஆஃபர் லெட்டரோட பெங்களூரு போனதும் கடைக்காரர் யாரைக் கூப்பிடுவார்?

அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. டிக் டேபிளைத் தூக்கிட்டு அந்த இடத்துல இந்த மூணு கேள்விக்கும் பதில் எழுதுங்க. அப்புறம் ஒரு வாரம் உங்க லாகினைத் தொடாம, கடைக்காரரையே ஓட்டச் சொல்லுங்க. உங்களுக்கு ஒரு போன்கூட வராம அந்த வாரம் ஓடிச்சுன்னா, நீங்க எந்த டூல் எடுத்திருந்தாலும் அது சரியான டூல்தான்.