உரிக்காதவருக்குச் சோறு கிடையாது

மார்கழி பாதி தாண்டினா எனக்குச் சென்னையிலிருந்து ஒரு போன் கண்டிப்பா வரும். "அண்ணே, இந்த வருஷம் உங்க ஊருக்கு வரலாமா? பிள்ளைகளுக்கு உண்மையான பொங்கலைக் காட்டணும்."

வாங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா அந்த 'உண்மையான' என்ற சொல்லைக் கேட்டாத்தான் எனக்குக் கோபம் வருது. அப்போ உங்க வீட்டு அடுப்பில் பொங்குறது என்ன, பொய்யா?

நாலு வருஷம் முன்னால உறவுக்காரங்க பன்னிரண்டு பேர் வந்தாங்க. பானை பொங்கினப்ப படம் எடுத்தாங்க, கரும்பு கடிக்கிறதைப் படம் எடுத்தாங்க, மாட்டையும் எடுத்தாங்க. விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்த என் வீட்டுக்காரி இலை போட்டு உட்காரும்போது சாயங்காலம் ஆகப்போகுது. கிழங்குக் குழம்பில் கிழங்கு தீர்ந்துபோச்சு. ராத்திரி கால் நீட்டி உட்கார்ந்து சொன்னா: "பொங்கல் வருதுன்னாலே எனக்கு இடுப்பு வலி வந்துருது. பாரம்பரியம் பாரம்பரியம்ங்கியளே, அதுல உங்க பங்கு என்ன?"

பதில் இல்லை. எங்க நெல்லைப் பக்கம் பொங்கல்னா சிறுகிழங்கு இல்லாம முடியாது. விரல் மொத்தம்தான் இருக்கும், தோல் முழுக்க மண். ஊறப்போட்டு, சாக்கில் கட்டித் தேய்த்து, பிறகு ஒவ்வொண்ணா சுரண்டணும். நகம் கறுத்துப்போகும். அவ்வளவு வருஷமும் நான் அதைத் தோண்டியிருக்கேனே தவிர, ஒரு கிழங்கைக்கூடச் சுரண்டினதில்லை. வெட்கமாத்தான் இருக்கு.

அந்த வருஷமே, பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, நாங்க நாலு வீட்டுக்காரங்க சேர்ந்து புதுசா ஒண்ணு ஆரம்பிச்சோம். தோட்டத்தில் கூட்டாஞ்சோறு. பேரு பழசு, சட்டம் புதுசு: உரிக்காதவருக்குச் சோறு கிடையாது. ஆம்பளைங்க கிழங்கு சுரண்டணும், தேங்காய் துருவணும். பாய் வீட்டிலிருந்து முருங்கைக்கீரை வரும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் கத்தரிக்காய் கொண்டாருவார். அரிசியும் துவரம்பருப்பும் சேர்ந்து வேகும்போது காய், கீரை, புளித்தண்ணி, தேங்காயும் சீரகமும் அரைச்ச மசாலா எல்லாம் ஒரே பானையில் விழும். தொட்டுக்க வடகம். பனங்கிழங்கு தனியா அவியும். முதல் வருஷம் என் கைவண்ணத்தில் அடிப்பிடிச்சுது. இப்பவும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறாங்க.

இதைச் சொன்னா ஒரு பெரியவர், "இதெல்லாம் சம்பிரதாயத்தில் உண்டாப்பா?"னு கேட்டார். ஐயா, நம்ம சம்பிரதாயம் வானத்திலிருந்தா விழுந்தது? எங்க பக்கம் சின்னப் பிள்ளைகள் வாசலில் மண்ணால வீடு கட்டி, தையில் சிறுவீட்டுப் பொங்கல் விடுவாங்க. யாரோ ஒரு பிள்ளை முதல்ல விளையாட்டா கட்டியிருக்கும்.

நகரத்து நண்பர்களே, "எங்களுக்கு ஊரே இல்லைங்க"ன்னு புலம்பறதை நிறுத்துங்க. என் கிழங்கையும் காப்பியடிக்க வேண்டாம். தை மாசம் உங்க மார்க்கெட்டிலும் பச்சை மொச்சை வருது, அவரை வருது. மூணு கிலோ மொச்சையை வாங்கி ஊறவைங்க, எதிர் வீட்டுக்காரங்களைக் கூப்பிடுங்க, கூடத்தில் பேப்பர் விரிச்சு எல்லாரும் உட்கார்ந்து பிதுக்குங்க. பிதுக்கும்போது கை போனை எடுக்காது. வாய் தானா பேச ஆரம்பிக்கும். அலுவலகத்து நண்பர், தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற வடக்கத்திப் பையன், யார் வந்தா என்ன? அவன் கொண்டுவர்ற ரொட்டியையும் பிதுக்கம்பயறுக் குழம்பில் முக்கித் தின்னுங்க. அடுத்த வருஷம் அதே நாள், அதே குழம்பு. மூணாவது வருஷம் உங்க பிள்ளைகளே "எப்போ மொச்சை வாங்கப் போறோம்?"னு கேக்கும். ஆர்டர் பண்ணி அட்டைப்பெட்டியில் வர்ற சர்க்கரைப் பொங்கலைப் பற்றி எந்தப் பிள்ளையாவது அப்படிக் கேட்டிருக்கா?

அந்த உறவுக்காரங்க இந்த வருஷம் வர்றாங்களாம். வரட்டும். ஆவணியில் தண்டு நட்ட சிறுகிழங்கு வெட்டுக்கு வந்தாச்சு. பன்னிரண்டு பேருக்கும் சாக்கும் கத்தியும் எடுத்து வச்சுட்டேன்.