தோணி வந்த பிறகு எழுதிய சட்டம்

இலங்கைத் தமிழ் அகதிகளின் குடியுரிமை பற்றிப் பேச்செடுத்தால், இரக்கம் உள்ளவர்கள்கூட ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். “பாவம்தான், ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, பாஸ்போர்ட் இல்லாமல் தோணி ஏறி வந்தவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?” என்கிறார்கள். 2025 மே மாதம், ஓர் இலங்கைத் தமிழரின் மனு விசாரணைக்கு வந்தபோது, இந்தியா ஒன்றும் சத்திரம் அல்ல என்ற பேச்சு உச்ச நீதிமன்றத்திலேயே எழுந்தது. சத்திரத்தில் இரவு தங்கியவன் காலையில் கிளம்பிவிடுவான். நாற்பது வருடம் இருந்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் பிள்ளை பெற்றுவிட்ட இடத்துக்குச் சத்திரம் என்று பெயர் கிடையாது. அது போகட்டும். சட்டம் முன்பிருந்தே அப்படியே இருந்தது, இவர்கள்தான் வந்து அதை மீறினார்கள் என்ற நம்பிக்கையைத்தான் இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நடந்தது தலைகீழ். மக்கள் முகாமிலேயே இருந்தார்கள். சட்டம்தான் மாறிக்கொண்டே போனது.

ராமேசுவரம் ரயிலில் போகிறவர்கள் ‘மண்டபம் கேம்ப்’ என்ற நிலையப் பெயரைக் கவனித்திருப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த இடம் அது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அந்தத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகச் சொன்னது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அதே மண்டபம் முகாமில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். அரசுக் கோப்பில் அவர்களுக்குப் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. குடியுரிமை உண்டு, தொழில் கடன் உண்டு, நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலையும் உண்டு. 1983 கலவரத்துக்குப் பிறகு போர் மூண்டது. 1984இல் கப்பல் நின்றது. அதன் பின் தோணியில் வந்தவர்களும் அதே மண்டபத்தில்தான் பதிவு செய்யப்பட்டார்கள். அவர்களுக்குப் பெயர் ‘அகதி’. முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் அதே தோட்டத் தமிழர்கள், அதாவது மலையகத் தமிழர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். அண்ணன் கப்பலில் வந்தான், இந்தியன் ஆனான். தம்பி தோணியில் வந்தான், அகதி ஆனான். இருவருக்கும் பாட்டன் ஒருவனே. அவன் கப்பலேறிப் போனதும் இதே கரையிலிருந்துதான்.

இனி குழந்தைகள். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இந்திய மண்ணில் பிறந்தால் போதும், பெற்றோர் யார் என்ற கேள்வி அநேகமாக இல்லை. அசாம் கிளர்ச்சிக்குப் பிறகு இது திருத்தப்பட்டு, 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றானது. மண்டபம் முகாமில் 1987 ஜூன் 30 இரவு பதினொன்றரைக்கு ஒரு குழந்தை, நள்ளிரவு தாண்டிப் பக்கத்துக் குடிசையில் இன்னொரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச்சி ஒருத்திதான், விளக்கும் ஒன்றுதான். முதல் குழந்தை இந்தியக் குடிமகன், இரண்டாவது அந்நியன். கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1986இல் இந்த முகாமில் பிறந்த ஒரு பெண், பிறப்புச் சான்றிதழைக் காட்டி 2022இல் உயர் நீதிமன்ற ஆணை பெற்று, 2024 தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். 1987 ஜூலை 1 முதல் அங்கே பிறந்தவர்கள் செய்த குற்றம், தாமதமாகப் பிறந்தது.

பெரியவர்களுக்குச் சற்றுப் பிந்தி வந்தது அடி. 2003இல் நிறைவேறி அடுத்த ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், உரிய ஆவணமின்றி நுழைந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று குடியுரிமைச் சட்டத்திலேயே எழுதி, அவருக்குப் பதிவின் மூலமும் வழி இல்லை, இயல்புரிமையாக்கத்தின் மூலமும் வழி இல்லை என்று அடைத்தது. முன்பும் அந்தக் கதவு எளிதில் திறந்ததில்லை என்பது வேறு கதை. ஆனால் கதவு இருந்தது. 1984இல் கரையேறி, அரசே பதிவு செய்து, அரசே பணக்கொடை கொடுத்து, மாதாமாதம் தணிக்கை செய்துவந்த மனிதருக்கு இருபது வருடம் கழித்துச் சூட்டிய பெயர் இது. இதில் ஒரு கொடுமையான வேடிக்கையும் உண்டு. அதே 2003இல்தான் இலங்கை, 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழிவந்தோருக்கும் குடியுரிமை தரச் சட்டம் இயற்றியது.

பாதுகாப்பு என்று ஒரு மறுப்பு வரும். 1991 ஸ்ரீபெரும்புதூர் படுகொலை சாதாரண விஷயமல்ல. அதன் பிறகு கெடுபிடி கூடியதையும், 1992இல் திருப்பி அனுப்பத் தொடங்கியதையும் அன்றைய சூழலில் புரிந்துகொள்ளலாம். ஆனால் வெளியூரில் தங்கவே அனுமதி கேட்க வேண்டிய முகாம்வாசியைப் போல இந்த நாட்டில் கண்காணிக்கப்படுபவர் யார்? போர் 2009இல் முடிந்துவிட்டது, திரும்பிப் போகட்டும், இங்கே குடியுரிமை கொடுத்தால் ஈழத்தில் தமிழர் எண்ணிக்கை குறையும் என்பது இன்னொரு மறுப்பு. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப்பற்று உள்ளவர்களே. போக விரும்புகிறவர் போகலாம், உதவியும் செய்யலாம். அங்கே ஒரு அடி நிலம்கூட இல்லாத, அந்தத் தீவைக் கண்ணாலும் பார்க்காத இளைஞனை மக்கள்தொகைக் கணக்குக்காக அனுப்பிவைப்பது எந்தப் பற்றிலும் சேராது.

இவர்களுக்குக் கொடுத்தால் வருகிறவனுக்கெல்லாம் கொடுக்க வேண்டிவரும் என்ற அச்சத்துக்கு நாடாளுமன்றமே பதில் சொல்லிவிட்டது. 2019 திருத்தம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தவரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருத மாட்டோம் என்கிறது. ஆவணம் இல்லாமல் வந்தது அழிக்க முடியாத கறையல்ல, ஒரு தேதியைக் குறித்து ஒரு வரி எழுதினால் நீங்கும் என்பதை டெல்லியே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த வரியில் இலங்கை இல்லை. அந்தத் திருத்தத்தின் மத அளவுகோல் எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் ‘சட்டம் அனுமதிக்காது’ என்ற வாதம் அதோடு செத்துவிட்டது. அனுமதிக்க மனமில்லை என்று சொல்லுங்கள், அது நேர்மை.

அதே 2019இல், குடியுரிமை கேட்டு மனு செய்தவர்கள் இந்திய வம்சாவளியினர் என்பதைக் கணக்கில் எடுத்து மனுக்களைப் பரிசீலிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி, 7,469 வீடுகள் கட்டித்தருவதாக அறிவித்தது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி வந்து தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. பட்டியல் இருக்கிறது, தேதியும் இருக்கிறது. குற்றம் இல்லை என்று எழுதிய அதே பேனாவால், குடிமக்கள் என்றும் எழுதிவிடலாம்.