மேசைக்கும் மேசைக்கும் நடுவே மதில் எதற்கு?



2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவை அதற்குள் மறந்துவிட்டீர்களா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணி கரை மீறி ஊர்களுக்குள் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸை ரயில்வே ஊழியர்கள் ஸ்ரீவைகுண்டத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. வண்டியை விட்டிருந்தால் ஏறக்குறைய 800 பயணிகளின் கதி என்ன? அந்த ஊழியர்கள் என்ன சாதி, என்ன மதம் என்று யாராவது கேட்டார்களா? பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கிப் போட்டார்களே, அவர்களைத்தான் யாராவது கேட்டார்களா?

அன்று அரசு ஊழியரும் பொதுமக்களும் தோளோடு தோள் நின்றார்கள். வெள்ளம் வடிந்தது. அந்த உறவும் சேர்ந்தல்லவா வடிந்துவிட்டது! இன்று மறுபடியும் அவர் மேசைக்கு அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். அதுகூடப் பரவாயில்லை. மேசைக்கும் மேசைக்கும் நடுவிலேயே மதில் எழும்பி நிற்கிறதே, அதை என்னவென்று சொல்வது?

வணிகப் பெருமக்களே! உங்களுக்குத் தெரியாததா? நம் வ.உ.சி. துறைமுகம் மத்தியக் கப்பல் துறையின் கீழ். சுங்கம் நிதி அமைச்சகத்தின் கீழ். ரயில்வே வேறு அமைச்சகம். கலெக்டர் அலுவலகமும் மீன்வளத் துறையும் மாநில அரசு. உங்கள் ஒரே சரக்கைப் பற்றிய காகிதம் எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது! ஒரு வாசலில் இருப்பவருக்கு அடுத்த வாசலில் இருப்பவரின் முகம் தெரியாது. பண்டகசாலையில் சரக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் அந்த வாடகை யார் தலையில்? உங்கள் தலையில்!

அரசு ஊழியருக்குப் பயிற்சியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மாநில அரசுப் பணியில் சேருகிறவர்களுக்குப் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி. 2020இல் மத்திய அரசு 'கர்மயோகி' திட்டத்தைக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் திரையிலேயே பாடம் படிக்கலாம். நல்லதுதான்! ஆனால் பக்கத்துத் தெரு அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்பதை எந்தத் திரை சொல்லித் தரும்? மாலத்தீவுக்குத் தோணியில் சரக்கு ஏற்றுகிறவனின் கஷ்டத்தையும், சங்கு குளிக்கிறவனின் மூச்சடைப்பையும் இந்தக் கரையில் உட்கார்ந்து கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

பிரிட்டனைப் பாருங்கள். அங்கே தலைநகருக்கு வெளியே, வட்டாரந்தோறும் பல துறை ஊழியர்கள் ஒன்றுகூடிக் கற்க ஏற்பாடு இருக்கிறது. தொண்டு செய்யச் சம்பளத்தோடு விடுப்பும் பல துறைகளில் உண்டு. அங்கே முடிவது தூத்துக்குடியில் ஏன் முடியாது? மாதம் ஒரு மாலை எல்லாத் துறையினரும் இங்கே கூடட்டும். வருஷத்தில் ஓரிரு நாள் தொண்டுக்கென்று சம்பளத்தோடு விடுப்பு கொடுக்கட்டும். இதைக் கேட்பது நம் உரிமை.

“ஆலிம்சா, அரசு ஊழியருக்கு விதி இடம் தராதே!” என்பார் சிலர். யார் சொன்னது? மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964, 15ஆம் விதியை எடுத்துப் படியுங்கள்! ஊதியமில்லாத சமூகப் பணியும் தர்மப் பணியும் முன் அனுமதி பெறாமலே செய்யலாம். அலுவலகக் கடமை கெடக் கூடாது. நிறுத்து என்று அரசு சொன்னால் நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான்! கட்சி அரசியலை விதி தடுக்கிறது. அது நியாயமும்கூட. ஆகவே ஊழியர்களை நம் இயக்க மேடைக்கு இழுக்காதீர்கள். இயக்கம் நடத்துகிற நானே சொல்கிறேன்.

இன்னொன்றையும் கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பழக்கம் ஏற்பட்ட மறுநாளே “சார், நம்ம ஃபைல் ஒன்று நிற்கிறது” என்று போய் நிற்காதீர்கள்! அது தொண்டல்ல, தரகு! பதவி அமானிதம். அதை விலை பேசுகிறவனும் குற்றவாளி, விற்கிறவனும் குற்றவாளி.

இளைஞர்களே! நாட்டு மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 13.4 சதவீதம், ஐ.ஏ.எஸ். பதவிகளிலோ 3 சதவீதம் என்று 2006இல் சச்சார் குழு சொன்னது. அன்றுமுதல் மேடைக்கு மேடை முழங்கிவிட்டோம். கை வலிக்கத் தட்டியும்விட்டோம். ஆனால் இதே ஊரில் வேலை பார்க்கும் ஒரு சுங்க அதிகாரியிடம், ஒரு தாசில்தாரிடம், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனை அழைத்துப் போய், “இவனுக்கு வழி சொல்லுங்கள்” என்று கேட்டோமா? எந்தப் பரீட்சை, எந்த வயது, எந்தப் புத்தகம் என்று சொல்ல அவர் தயார். கேட்கத்தான் ஆளில்லை! அவர் கற்றுத் தரட்டும். நீங்களும் அவருக்குக் கற்றுக் கொடுங்கள். எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்பது உங்களுக்குத்தானே தெரியும்? அடுத்த மழைக்கு முன்னால் அந்தப் பட்டியல் அவர் கையில் இருக்க வேண்டாமா?

1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய் கொடுத்து 8,000 பங்குகள் வாங்கினார். 10 லட்சம் மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு! இன்று உங்களிடம் யாரும் கப்பல் கேட்கவில்லை. இருபது நாற்காலியும் ஒரு கரும்பலகையும் உள்ள ஓர் அறை! ஒரு வேளை கல்யாண விருந்தின் செலவில் ஒரு வருஷத்துக்கு நடத்திவிடலாமே! எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் அதன் கதவு திறந்திருக்கட்டும்.

முத்துக் குளித்த கரை இது. மூழ்குகிறவனின் உயிர், தோணியில் கயிறு பிடிப்பவன் கையில் இருக்கும் என்பதை நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்குக் கயிறு பிடிக்கக்கூடியவர்கள் இந்த ஊர் அலுவலகங்களில்தான் இருக்கிறார்கள். கயிற்றை அவர்கள் கையில் கொடுக்க வேண்டியது யார்?

நாம்தான்! இந்த மாதமே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்!